மூக்களந்த துரையும் பின்னால் வந்தவரும்

ஆனைகட்டிக்கு மேலே இருந்த இருளர் ஊருக்கு நான் முதலில் போனது ஒரு வெள்ளைக்காரத் துரைக்குத் துபாஷியாக. கிழக்குப் பாலக்காட்டில் எங்களுக்கு வயல் இருந்தது. எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் இருந்தது. இரண்டையும்விடப் பெரிதாகக் கர்வம் இருந்தது. துரை, மலை மக்களின் மூக்கை அளந்து நோட்டில் எழுதுகிறவர். அகலமான மூக்கு காட்டுக்குடி, கூரான மூக்கு நாகரிகக்குடி என்பது அவர் சித்தாந்தம். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

குறடு போன்ற கருவியை அவர் வெளியே எடுத்ததும் பாதி ஊர் காட்டுக்குள் ஓடிவிட்டது. ஊர்த் தலைவரான மூப்பன் மட்டும் நகரவில்லை.

"மூக்க அளந்து என்னங்க பண்ணுவாரு?"

"நீ எந்தக் குலம்னு கண்டுபிடிப்பாரு," என்றேன்.

"கேட்டா நாங்களே சொல்ல மாட்டமுங்களா?"

இதை மொழிபெயர்த்தபோது துரை கருவியை மூப்பனின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மொதல்ல உங்களுக்கு வெச்சுக் காட்டச் சொல்லுங்க," என்றார் மூப்பன்.

நான் மிடுக்காக உட்கார்ந்தேன். துரை அளந்தார். நோட்டைப் பார்த்தார். கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். பிறகு மூப்பனையும் மற்றவர்களையும் அளந்து முடித்து, என்னிடம் மெதுவாகச் சொன்னார்: அன்று அளந்ததிலேயே அகலமான மூக்கு என்னுடையதுதானாம்.

"என்னங்க சொல்றாரு?"

"நல்ல மூக்குங்கறாரு."

ஆனால் துரை விரலை அகட்டிக் காட்டியதை மூப்பனின் மகள் பார்த்துவிட்டாள். அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டு, ஓடியவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள். துரை நோட்டில் என் பெயரை மட்டும் அடித்துவிட்டார். அவருடைய சித்தாந்தம் பிழைத்துக்கொண்டது.

எனக்குத் தலை நரைத்த பிறகு வேறொரு துரையோடு அதே ஊருக்குப் போனேன். இவரிடம் கருவி இல்லை. உறவுமுறைகளையும் சடங்குகளையும் கேட்டு எழுத வந்தவர். மூப்பன் காலமாகியிருந்தார். அவர் மகள்தான் இப்போது ஊருக்காகப் பேசினாள்.

"அவரு ஒண்ணு கேட்டா நாங்க ஒண்ணு கேப்போம். சம்மதமான்னு கேளுங்க."

துரை சந்தோஷமாகச் சம்மதித்தார், பாவம்.

"கல்யாணம் ஆச்சுங்களா?"

"இல்லை."

"ஏனுங்க?"

துரை காது வரை சிவந்தார்.

"உங்கம்மாவுக்கு வெறகு ஆரு கொண்டாந்து போடறாங்க?"

ஒரு வேலைக்காரர் இருப்பதாகச் சொன்னார்.

"அவரு பேரென்ன?"

துரைக்கு அது தெரியவில்லை.

"சொந்த ஊட்டாளு பேரு தெரியல. எங்க பாட்டன் முப்பாட்டன் பேரெல்லாம் வேணுமாமா?" என்றாள். மொழிபெயர்க்க வாயெடுத்தேன். "வேண்டாம், புரிந்தது," என்று துரை தமிழிலேயே சொன்னார்.

அதற்குப் பிறகு என் பாடுதான் திண்டாட்டம். நான்கே நாளில் அவர்கள் இருவரும் அரைகுறைத் தமிழும் கைச்சாடையுமாக நேரடியாகப் பேசிக்கொண்டார்கள். அவர் எழுதியதை வாசித்துக் காட்ட, அவள் "தப்பு" என்றால் அடித்துவிட்டு மாற்றி எழுதினார். நடுவில் நான் புகுந்து ஒரு சொல்லை விளக்கப் போனேன்.

"நீங்க சும்மாதானுங்க இருக்கறீங்க?" என்றாள் அவள். "போயி சாமைக்காட்டுல கிளி முடுக்குங்க."

போனேன். கதிருக்கு வரும் கிளிகளை விரட்ட மாலைவரை கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. கிளிகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.