பேசாமல் நடந்த ஆங்கில வகுப்பு

ஆடி மாதக் கடைசியில் ஒரு காலை, விருதுநகர் கல்லூரியில் முதலாமாண்டு மாணவிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு வாக்கியத்தின் பாதியில் என் குரல் நின்றுபோனது. இருமிப் பார்த்தேன். வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. மல்லாங்கிணற்றிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி எழுந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தும் பலனில்லை. ‘நாளை பார்க்கலாம்’ என்று பலகையில் எழுதிவிட்டு இறங்கி வந்தேன்.

மற்றவர்களுக்கு அது திடீரென்று போன குரல். அது வருடக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது திருத்தங்கலில் ஒரு பள்ளியில். சுவருக்கு அந்தப் பக்கம் அச்சகம். மிஷின் ஓட ஆரம்பித்தால் ஜன்னல் கம்பிகூட அதிரும். அதற்கு மேலே கத்தித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம். ‘வா’வுக்கும் ‘வாங்க’வுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வார்த்தைதான் என்று சொன்னபோது ஒரு சிறுமி ரொம்பவும் கலங்கிப்போனாள். அப்படியானால் தாத்தாவை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது.

பிறகு கல்லூரி. அதோடு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிவகாசியில் பெரியவர்களுக்கான இலவச வகுப்பு. அங்கே ஒரு வியாபாரக் குடும்பம் தங்கள் காலண்டர் கிடங்கின் மாடியை எங்களுக்குக் கொடுத்திருந்தது. அச்சில் வண்ணம் பிசகிய காலண்டர் தாள்களைத் திருப்பிப்போட்டு அதில் எழுதிப் பழகுவோம்.

அந்த வகுப்பில் இரண்டு பேர் எப்போதும் முன்னால் உட்காருவார்கள். ஒருத்தி பட்டாசு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்பவள், கிட்டத்தட்ட என் வயது. தினமும் தான் ஒட்டுகிற பெட்டிகளின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்தவள். வீட்டில் தெலுங்கு பேசுவாள். இன்னொருத்தி ஒடிசாவிலிருந்து வந்த இளம்பெண். அவள் கணவன் ஒரு ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டினான். அவளுக்கு ஒடியா, இந்தி, கடையில் சாமான் வாங்குமளவு தமிழ். வந்த புதிதில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி. பேச்சு எதுவும் ஓடாது.

மதுரையில் தொண்டை மருத்துவர் பார்த்தார். குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, ஆறு வாரம் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது, கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதல் என்றார். கல்லூரியில் விடுப்பு கொடுத்தார்கள். வீட்டில் என் கணவர் எனக்கு வரும் போன்களை எல்லாம் எடுத்து, நான் ஊரில் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பை மூடிவிடுவது என்று முடிவுசெய்தேன். சொல்லாமல் நிறுத்த மனம் வராததால் நேரில் போனேன்.

பலகையில் பெரிதாக ஆங்கிலத்தில், எனக்குக் குரல் இல்லை, டாக்டர் பேசக்கூடாது என்றார், இனி வகுப்பு இல்லை, மன்னியுங்கள் என்று எழுதினேன். பட்டாசு கம்பெனிக்காரப் பெண் எழுந்து நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்து முடித்தாள். அர்த்தம் பிடிபட்டதும் என்னைப் பார்த்தாள்.

“பேசத்தான கூடாதுன்னாக, டீச்சர்? உக்காரக் கூடாதுன்னு சொல்லலைல? நீங்க பாட்டுக்கு உக்காருங்க. நாங்க பேசுறோம்.”

நாற்காலியை இழுத்துப் போட்டாள். எதிர்த்துப் பேச என்னிடம் குரல் இல்லை. உட்கார்ந்தேன்.

முதலில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒடிசாப் பெண்தான் தன் கழுத்தைத் தொட்டுக்காட்டி, “மேடம், கலா வலி?” என்று கேட்டாள். கலா என்பது இங்கே பெண்பிள்ளைக்கு வைக்கிற பெயராயிற்றே என்று பின்வரிசையில் சிரித்தார்கள். தொண்டைக்கு அவர்கள் ஊர்ப்பக்கம் அப்படிச் சொல்வார்கள் என்று அவள் சைகையில் விளக்கினாள். தெலுங்கில் அது கொந்து என்றாள் மற்றவள். ஆங்கிலத்தில் என்ன என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பலகையில் எழுதினேன். எப்படி வாசிப்பது என்பதில் ஒரு பெரிய சர்ச்சை கிளம்பியது. சரியாகச் சொன்னபோது தலையாட்டினேன், தப்பாகச் சொன்னபோது உதட்டைப் பிதுக்கினேன். கொஞ்ச நேரத்தில் என் முகத்தைப் படிப்பதில் எல்லோரும் தேர்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என் நோய்தான் பாடம். ஒருத்தர் டாக்டர், நான் நோயாளி. டாக்டர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வேண்டும், நான் தலையாட்ட வேண்டும், இல்லாவிட்டால் சிலேட்டில் எழுதிக்காட்ட வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, இதற்கு முன்னால் ஆபரேஷன் செய்ததுண்டா. என் பிரசவக் கதை உட்பட எல்லாவற்றையும் அவர்கள் தெரிந்துகொண்டார்கள். நான் பேசிய காலத்தில் வாய் திறக்காதவர்கள்கூடக் கேள்வி கேட்டார்கள். அறையில் அவ்வளவு சத்தம் இருந்தது. இரண்டு பெண்களும் இப்போது ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். அரைத் தமிழ், கால் இந்தி, மீதி ஆங்கிலம். ஒருத்திக்கு வார்த்தை கிடைக்காவிட்டால் மற்றவள் எடுத்துக்கொடுத்தாள்.

ஆறு வாரம் கழித்து மருத்துவர் மறுபடி பார்த்தார். முடிச்சு கரையவில்லை. ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் குரல் பழையபடி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை பேசுவது. அது இல்லாமல் நான் யார் என்று யோசித்தபோது பயமாக இருந்தது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்திருந்தார்.

தீபாவளி முடிந்து, பட்டாசு கம்பெனிகள் மூடியிருந்த வாரத்தில் மதுரையில் என்னைச் சேர்த்தார்கள். மறுநாள் ஆபரேஷன். மத்தியானம் கணவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அறைக் கதவைத் திறந்துகொண்டு அந்த இரண்டு பேரும் நின்றார்கள். சிவகாசியில் பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டில் விசாரித்து விசாரித்து வந்திருந்தார்கள். கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார்கள். நான் அதைச் சாப்பிடலாமா கூடாதா என்று இருவருக்கும் அப்போதே ஒரு விவாதம்.

அந்த நேரத்தில் இளம் டாக்டர் ஒருவர் வந்தார். வடக்கேயிருந்து படிக்க வந்தவர் போலிருந்தது. தமிழ் வரவில்லை. ஆங்கிலத்தில் என்னிடம் மடமடவென்று கேட்டார். பதில் எழுத நான் சிலேட்டை எடுக்கப் போனேன். பட்டாசு கம்பெனிக்காரப் பெண் என் கையை மெல்ல அழுத்திக் கட்டில்மேல் வைத்துவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“மேடம் நோ டாக். ஐ டாக்.”

டாக்டர் ஒரு கணம் பார்த்துவிட்டு, கேள்விகளை அவளிடம் கேட்டார், கொஞ்சம் நிதானமாக. சுகர் நோ, பிரஷர் நோ. பிரசவத்துக்கு ஒரு ஆபரேஷன். ஒத்துக்கொள்ளாத ஊசியின் பெயரை அவள் முழுசாகச் சொன்னாள். ஒரு கேள்வி அவளுக்குப் புரியவில்லை. ஒடிசாப் பெண் டாக்டரோடு இந்தியிலேயே சுலபமாகப் பேசியிருக்கலாம், அந்த டாக்டருக்கும் அது வசதியாக இருந்திருக்கும். அவளோ ஆங்கிலத்திலேயே தட்டுத்தடுமாறி, நேற்று ராத்திரி மேடம் நன்றாகத் தூங்கினார்களா என்று கேட்கிறார் என்று தோழிக்கு உடைத்துச் சொன்னாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் இல்லை என்று தலையாட்டினேன். “நோ ஸ்லீப்,” என்றாள் முதலாமவள். “ஃபியர்.”

அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. டாக்டர் பேனாவை மூடிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று பொறுமையாக விளக்கினார். போகும்போது அவர்களைப் பார்த்து, சொந்தக்காரர்களா என்று கேட்டார். ஸ்டூடண்ட் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர்கள் சொன்னதில் எத்தனையோ இலக்கணப் பிழை இருந்திருக்கும். ஒன்றைக்கூடத் திருத்த எனக்குத் தோன்றவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மார்கழியில் குரல் வந்தது. பழைய குரல் இல்லை, கொஞ்சம் தடித்து, ஓரத்தில் சொரசொரப்பாக இருந்தது. முதல்முறை மாடியேறி அவர்களுக்குக் காலை வணக்கம் சொன்னபோது எல்லோரும் எழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு பட்டாசு கம்பெனிக்காரப் பெண் சொன்னாள்: “மெதுவா, டீச்சர். அம்புட்டையும் இன்னைக்கே பேசிறாதீக.”

கல்லூரியில் இப்போது இடுப்பில் கட்டுகிற சின்ன மைக் வைத்துக்கொண்டு நடத்துகிறேன். சிவகாசி வகுப்புக்கு அது தேவைப்படவில்லை. அங்கே நான் கொஞ்சமாகத்தான் பேசுகிறேன். அச்சகங்களுக்குப் புதிதாக வருகிற குடும்பத்துப் பெண்களை ஒடிசாப் பெண் தன்னருகே உட்கார வைத்து ஆரம்பித்துவிடுகிறாள், தமிழும் ஆங்கிலமும் சேர்த்தே. போன வாரம் மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று இரண்டு தோழிகளுக்கும் வாக்குவாதம் வந்தது. முழுக்க ஆங்கிலத்தில் சண்டை போட்டார்கள். நான் நாற்காலியில் சாய்ந்து, வெந்நீரைக் குடித்தபடி, சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.