யோகக்காவின் தம்பி எழுதிய மெயில்

யோகக்கா இறந்துவிட்டார். இன்று காலை, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில். அவருடைய மகள் வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தாள்.

இங்கே முகநூலில் பலருக்கு அவரைத் தெரியாது. இரண்டாயிரமாம் ஆண்டளவில் வவுனியாவில் ஒரு தொண்டு நிறுவன ஒஃபிஸில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம்.

விசுவமடுவிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர். டைப்பிங் தெரிந்ததால் வேலை கிடைத்தது. காலையில் முகாமை விட்டு வெளியே வர பாஸ் எடுத்து வருவார், இருட்ட முன்னர் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஒஃபிஸில் ஒரே ஒரு கொம்பியூட்டர். ஒரே ஒரு ஈமெயில் முகவரி. வெளிநாட்டில் இருந்தவர்கள் முகாமிலுள்ள தங்கள் ஆட்களுக்கு அந்த முகவரிக்குத்தான் எழுதுவார்கள், ஆங்கில எழுத்தில் தமிழ்.

யோகக்கா பிரின்ட் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுப்பார். வாசிக்கத் தெரியாத தாய்மாருக்கு வாசித்தும் காட்டுவார். "அம்மா நான் சுகம்" என்ற வரி வந்தால் கேட்காமலே திரும்ப ஒருமுறை வாசிப்பார்.

ஒருநாள் மெயில் இறங்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த ஈமெயில் புரோகிராம் திறக்கவேயில்லை. திரையில் ஒரு கணம் தெரியும், உடனே மூடிக்கொள்ளும். கழற்றித் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அதே கதைதான்.

கரண்ட் போவதற்குச் சற்று முன் ஒரு மெயிலின் தலைப்பை யோகக்கா கண்டிருந்தார். "Akkavukku, Ravi." ஏஜென்சி மூலம் வெளிநாட்டுக்குப் புறப்பட்ட அவருடைய தம்பி. எங்கே நிற்கிறான் என்று மாதக்கணக்காகத் தெரியாமல் இருந்தது...

கொழும்பில் இருந்த டெக்னீஷியன் போனில் விளக்கினார். புரோகிராமில் பிழையில்லை, மெயில்களைச் சேர்த்து வைக்கும் ஃபைல்தான் பழுதாகிவிட்டது, அதை வேறிடத்துக்கு மாற்றினால் புதிது ஒன்று தானாக உருவாகும் என்றார்.

மாற்றினோம். திறந்தது. இன்பொக்ஸ் வெறுமை. அந்தக் காலத்தில் மெஷினுக்கு இறங்கிய மெயில் வேறெங்கும் மிஞ்சாது.

எங்கள் பொறுப்பாளருக்குப் பெரிய சந்தோஷம். "புரோகிராம் சுகமாயிட்டுது சேர். கடிதங்களைத்தான் காணேல்ல" என்றார் யோகக்கா.

பழைய ஃபைலுக்கு ஒரு பிரதி எடுத்து, அதை வெறும் எழுத்தாகத் திறந்து பார்க்கலாம் என்றும் டெக்னீஷியன் சொல்லியிருந்தார். திறந்தால் பக்கம் பக்கமாகக் கட்டங்களும் குறிகளும். இடையில் எங்கேயோ யாரோ ஒரு பிள்ளை தாய்க்கு எழுதிய நாலு வரி.

யோகக்கா சாப்பாட்டு நேரங்களில் மெஷினுக்கு முன்னால் இருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். புதிய மெயில்கள் ஃபைலின் கடைசியில். அங்கே போனாலே மெஷின் இறுகிவிடும். முகாமுக்கான மற்ற மெயில்களை விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தோடு மட்டும் மினக்கெட்டுப் பாருங்கோவன் என்றேன்.

"முன்னுக்கு இருக்கிறதும் ஆரோ ஒராளின்ர தம்பிதானே."

கடைசிப் பகுதியை மீட்கத் தன்னிடம் வழியிருக்கிறது, திங்கட்கிழமை வாகனத்தில் ஃபைலை அனுப்புங்கள் என்றார் டெக்னீஷியன். யோகக்கா அன்று முழுக்கச் சிரித்த முகமாகத் திரிந்தார்.

வெள்ளிக்கிழமை, மீட்டவற்றைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் ஃபைல் இல்லை. பிரதியும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்களாம். மெஷின் ஸ்லோவாக இருந்ததாம். பழுதான ஃபைல்தானே என்று பொறுப்பாளர் இரண்டையும் அழித்து, கொம்பியூட்டரின் குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கியிருந்தார்.

யோகக்கா கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். "அதுக்குள்ள என்ர தம்பி இருந்தவன் சேர்."

"திருப்பி அனுப்பச் சொல்லுங்கோ" என்றார் பொறுப்பாளர்.

எந்த முகவரிக்குச் சொல்வது? அதுவும் அந்த ஃபைலுக்குள்தான் இருந்தது.

ரவி பிறகு எழுதவேயில்லை. இன்றுவரை தகவல் இல்லை. அந்த மெயிலில் என்ன எழுதியிருந்தான், உதவி கேட்டானா, வந்து சேர்ந்தேன் என்றானா... ஒன்றும் தெரியாமலே அக்காவும் போய்விட்டார்.

வேலையை விடவில்லை அவர். விட்டால் முகாமை விட்டு வெளியே வரவே முடியாது. மற்றவர்களின் மெயில்களைக் கொண்டுபோய் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

மத்தியானம் அந்தப் பொறுப்பாளரும் ஒரு பதிவு போட்டிருக்கிறார். "பொறுமையின் வடிவம்" என்று. கீழே நூற்றுக்கணக்கில் கும்பிடும் கைகள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அக்கா உங்களோடு வேலைக்கு வெளியே ஒரு சொல் கதைத்ததில்லை சேர். அதற்குப் பெயர் பொறுமை இல்லை.

நாளை விசுவமடுவில் செத்தவீடு. முதல் பஸ்ஸில் போகிறேன்.

ஆறுதலாப் படுங்கோ, யோகக்கா.