கூடை மட்டும் போன ரயில்

சின்னசேலம் ஸ்டேஷனில் காலை பாசஞ்சர் நேரத்துக்குக் கிளம்பியதாக எனக்கு நினைவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் வந்து சேரும்வரை நிற்கும். தினமும் சேலத்துக்கு வேலைக்குப் போகிற சீசன் டிக்கெட்காரர்கள் நாங்கள். பெட்டியின் கடைசி ஜன்னல் என்னுடையது. எல்லாரும் ஏறியாச்சு என்று நான் கை காட்டிய பிறகுதான் கார்டு பச்சைக் கொடியை எடுப்பார். ஆபீசில் நான் வெறும் டைப்பிஸ்ட். இங்கே ஒரு ரயிலே என் கையைப் பார்த்து நின்றது. அந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்.

அந்த மாதம் எங்களோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வைத்திருந்த பாய் வீட்டு மருமகள். அவள் அம்மா சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகள் கையால் ஊட்டினால்தான் கஞ்சி இறங்கும். அதனால் சிவப்பு வயர்கூடையில் கஞ்சித்தூக்கோடு தினமும் வருவாள். ஜன்னல் வழியாகக் கூடையைப் போட்டு இடம் பிடிப்பது எங்கள் வழக்கம். கூடை வந்தால் ஆளும் வந்தாச்சு என்று கணக்கு.

அன்றைக்கு யாரோ அந்தச் சிவப்புக் கூடையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் ஆத்தூர்க்காரி ஒருத்தியோடு சீட்டுச் சண்டையில் இருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் கை காட்டினேன். வண்டி நகர்ந்தது. டிக்கெட் கவுன்டரிலிருந்து அவள் ஓடி வந்தாள். சீசன் டிக்கெட் முந்தின நாளோடு முடிந்திருந்ததாம். மரவள்ளி மூட்டைகளைத் தாண்டி, "அக்கா! அக்கா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். சங்கிலியை இழுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பின்னால் கல்வராயன் மலை தெரிந்தது, பிளாட்பாரத்தின் நடுவில் அவள் நின்றுவிட்டாள்.

ஆபீசுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு நான்தான் கஞ்சி ஊட்டினேன். இரண்டு ஸ்பூன் இறங்கியது.

"எம்பொண்ணு எங்க?"

"வந்துக்கினே இருக்குதும்மா. அடுத்த பஸ்ல வந்துடும்."

வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டார். மறுபடியும், அதற்கப்புறமும். பஸ் பிடித்து அவள் வந்து சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

அழுது ஓய்ந்த பிறகு என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அம்மா என்னக் கேட்டாங்களாக்கா?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போய்ட்டாங்க."

ஆறுதலுக்காகச் சொன்னேன் என்று ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். கேட்டார்கள் என்று சொன்னால், நான் காட்டிய கை அவளுக்கு ஞாபகம் வரும். அந்தப் பயம்தான். மறுநாளிலிருந்து என் ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். கார்டுக்கு வேறு யாரோ கை காட்டினார்கள்.

பல வருஷம் கழித்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே" என்றாள். "ஆனா இன்னா ஒண்ணு, கடைசில எங்கம்மாவுக்கு என் நெனப்பே வரலல்லக்கா" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் கையை அவள் விடவே இல்லை. அவள் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

நான்கு முறை கேட்டார்கள். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.