மூன்றாவது கட்டம்

எண்பதுகளில், படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கு எவ்வளவு பாரம் என்று அளக்க எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். ஆங்கிலத்திலிருந்து நாங்களே தமிழாக்கியது. ஒவ்வொரு கேள்விக்கும் 'இல்லை', 'சில நேரம்', 'எப்போதும்' என்று மூன்று கட்டம். அதைத் தூக்கிக்கொண்டு செல்லூர்ச் சந்து ஒன்றில் ஓர் அம்மாளின் வீட்டுக்குப் போனேன்.

ஒரே அறை. வாதம் வந்த கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கட்டிலில் கிடந்தார். அந்த அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். என்னிடம் பேசும்போதும் கண் கட்டிலுக்கே போய்ப் போய் வந்தது.

"தூக்கம் கெடுதாங்கம்மா?"

"அதெல்லாம் இல்ல தம்பி." பக்கத்து வீட்டு விசைத்தறியையும் மீறி, கட்டிலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். விரல் மட்டும் என் தாளில் 'எப்போதும்' கட்டத்தைத் தொட்டது.

"உடம்பு வலி?"

"இல்ல தம்பி." விரல் மூன்றாவது கட்டத்தை விட்டு நகரவில்லை. எல்லாக் கேள்விக்கும் இப்படித்தான். நான் விரலைப் பார்த்தே குறித்தேன்.

கடைசிக் கேள்வியைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. "எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாச்சும் போயிரலாம்னு தோணுதாம்மா?"

அந்த அம்மாள் விரலைத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டார். கட்டிலிலிருந்து குழறலாக, ஆனால் எனக்கே புரியும்படி குரல் வந்தது. "தோணும்... அவளுக்குத் தோணும். எழுதிக்கங்க தம்பி."

அந்த அம்மாள் சட்டென்று எழுந்தார்.

"தண்ணி கேக்குறாரு," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பானையில் மொண்டுவந்து கொடுத்தார். அவரும் மறுக்காமல் குடித்தார்.