வால் நீண்ட ஸ்ட்ராப்

என் வீட்டுக்காரர் அடுத்தவன் வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு செத்தார். அவருடைய வாட்ச் யாரிடம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு போன் போட்டிருந்தால் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும். போட விடவில்லை மனுஷன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறிப்போனால் எழுத வராது, அதனால்தான் இப்போதே உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். விடிந்தும் விடியாமலும் பனிக்குள் போய் நின்று, வேலைக்கு வந்த ஆட்களைப் பேர் கூப்பிட்டுப் பிரித்து அனுப்புகிற வேலை. நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் வாட்ச். மணி பார்க்க ஒரு ஆளுக்கு எத்தனை வாட்ச் வேண்டும் என்று கல்யாணமான புதிதிலேயே கேட்டேன். "உனக்கு எத்தன சீலைன்னு நான் கேட்டனா புள்ள?" என்று வாயை அடைத்துவிட்டார்.

எத்தனை இருந்தாலும் அவருக்கு உயிர், எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா போட்ட வாட்ச்தான். கறுப்பு டயல், தினமும் சாவி கொடுக்கிற ரகம். மணவறையில் அதைக் கட்டப் போனபோது கடைசித் துளைக்கும் ஸ்ட்ராப் எட்டவில்லை. என் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "கையா அது, உலக்கையா?" என்று என் சித்தி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லித் தொலைத்தாள். இவர் சிரித்துக்கொண்டே, "இருக்கட்டுங்க மாமா" என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சேலத்தில் தோல் வேலை செய்கிற ஒருவரிடம் சொல்லி நீளமாக ஒரு ஸ்ட்ராப் தைத்து வாங்கினார். தேன் நிறத்தில் தடித்த தோல். அதற்கு எண்ணெய் தடவி ஈரத் துணியால் துடைத்து அவர் பார்த்த மாதிரி என்னை ஒருநாளும் பார்த்ததில்லை.

இந்தப் பைத்தியம் ஒருவரோடு நின்றதா என்றால் இல்லை. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மேனேஜர், சேலத்துக்கு ஜீப் ஓட்டுகிற ஒரு தம்பி, வெள்ளக்கடை கிராமத்தில் காப்பியும் ஆரஞ்சும் வைத்திருக்கிற ஒரு விவசாயி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாட்ஜ் வராந்தாவில் துண்டை விரித்து, வாட்ச்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவார்கள். "கறுப்பு டயலுக்குத் தேன் கலருதானுங்க எடுப்பு." "மழைக்காலத்துக்குத் தோலு ஆகாதுங்க, ஊறி நாறிப் போயிரும், நைலான் போடுங்க." ரவிக்கைக்குத் துணி எடுக்கிற பெண்கள்கூட அவ்வளவு நேரம் எடுக்கமாட்டார்கள். சில நாள் என்னையும் கூப்பிட்டுத் தையல் நூல் என்ன நிறத்தில் இருக்கலாம் என்று கேட்பார்கள். வேண்டுமென்றே ஒரு ஆகாத நிறத்தைச் சொல்வேன். அதையும் யோசிப்பார்கள்.

அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. ஞாயிறன்று வாட்சை மாற்றிக்கொள்வார்கள். இவர் வாட்ச் அவர் கைக்கு, அவர் வாட்ச் இவர் கைக்கு. ஆனால் ஸ்ட்ராப்பை மாற்றமாட்டார்கள். ஸ்ட்ராப் அவனவன் வேர்வை குடித்தது, அதைக் கொடுக்கக் கூடாதாம். ஸ்ட்ராப்பைக் கழற்றி, 'தலை' என்று அவர்கள் சொல்கிற வாட்சை மட்டும் கொடுத்து வாங்கி, தன் ஸ்ட்ராப்பில் பூட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிறு நேரில் வந்து திருப்பித் தர வேண்டும், ஆள் விட்டு அனுப்பக் கூடாது. நடுவில் தினமும் காலையில் கையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும், வாங்கிப்போன தலை நலமாக இருக்கிறது என்று காட்டுவதற்கு. சம்பந்தி வீட்டுக்குப் போன பெண்ணை விசாரிக்கிற மாதிரி.

முதலில் அவர்களோடு ஒரு டிராயிங் மாஸ்டரும் இருந்தார். பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அன்றிலிருந்து குரூப்பில் அவருக்குக் கும்பிடு படமும் பூச்செண்டு படமும்தான் வந்தன. ஒரு வாட்சைப் பற்றி ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு வராந்தாவில், "மாஸ்டரோட அந்த நீல டயல யாரு எடுத்துக்கறது?" என்று பேச்சு வந்ததாம். மாஸ்டர் அப்போது உயிரோடு இருந்தார். அன்று வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. "மனுசன் இருக்கறப்பவே பொணமா எடுத்து வெச்சுட்டாங்க புள்ள" என்றார். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

அடுத்த வருஷமே அவருக்கு வயிற்று வலி வந்தது. சேலத்தில் பார்த்ததில் கணையத்தில் கட்டி, முற்றிப்போயிருக்கிறது என்றார்கள். அதற்கு முந்தின ஞாயிறுதான் கல்யாண வாட்சை ஜீப் தம்பியிடம் கொடுத்து, அவனுடைய சின்ன வெள்ளை டயல் வாட்சை வாங்கித் தன் ஸ்ட்ராப்பில் பூட்டியிருந்தார். திருப்பி மாற்றிக்கொள்ளாமல் அது அப்படியே நின்றுவிட்டது.

வைத்தியத்துக்காகச் சேலத்தில் எங்கள் மகள் வீட்டுக்குப் போனோம். குரூப்பில் என்ன சொன்னார் தெரியுமா? முதலாளி தன்னை வாழவந்திப் பக்கம் இன்னொரு எஸ்டேட்டுக்கு அனுப்பிவிட்டார், பழம் பறித்து முடியும்வரை லீவு கிடையாது என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். "என்னத்துக்குங்க இந்தப் பொய்யி? அவிங்க மூணு பேரும் உங்கள மாதிரி கிறுக்கனுங்கதான, சொன்னா வந்து பாப்பாங்கல்ல?" என்றேன்.

"வந்து பாப்பாங்க. அப்பறம் கும்பிடு போடுவாங்க. என்ர கிட்ட ஸ்ட்ராப்பப் பத்திப் பேச ஒருத்தனும் இருக்கமாட்டான்" என்றார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று, என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் தினமும் காலையில் நாடகம். சேலத்து வெயிலில் மலைக்குளிர் வேஷம் போடுவார். ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வார். மகள் வீட்டு மாடியில் நான் தொட்டியில் வைத்திருந்த காப்பிச் செடிக்குப் பக்கத்தில் கையை நீட்டுவார். கையைக் கேமராவுக்கு ரொம்பக் கிட்டத்தில் வைத்தால் பருமனாகத் தெரியும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். நான் எடுக்க வேண்டும். வாந்தி எடுத்து வாய் கொப்பளித்த கையோடு, "இன்னும் கொஞ்சம் கிட்ட வா புள்ள, ஸ்வெட்டர் நல்லாத் தெரியட்டும்" என்பார். பதில்கள் வரும். "அண்ணா, ஸ்ட்ராப்புக்கு எண்ணெய் காட்டுங்க, வறண்டு கெடக்குது." "அந்த வெள்ள டயலுக்குப் பச்ச நைலான் போட்டுப் பாருங்களேன்." அதைப் படித்துவிட்டு அன்று இரண்டு வாய் கஞ்சி கூடுதலாகக் குடிப்பார். அதைப் பார்த்தால் நான் என்ன சொல்வேன்?

கை இளைத்துக்கொண்டே வந்தது. ஸ்ட்ராப்பில் இருந்த துளைகள் தீர்ந்துபோயின. பெல்ட்டுக்குத் துளை போடுகிற என் இடுக்கியை எடுத்துவரச் சொன்னார். மூங்கில் மாதிரி ஆன அந்தக் கையைப் பிடித்து அளவு பார்த்து, பேனாவால் புள்ளி வைத்து, நானே துளை போட்டேன். அது தளர்ந்ததும் இன்னொன்று. "எலாஸ்டிக்ல ஒண்ணு வாங்கிப் போடலாமுங்க, இழுத்தா நிக்கும்" என்று சொன்னதற்கு, "எலாஸ்டிக்கா? அதுக்கு வெறுங்கையே மேலு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாகிற நேரத்திலும் திமிர் குறையவில்லை. நான் சமையலறையில் போய் அழுதேன்.

நடுவில் சில நாள் ஏற்காட்டு வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிப்பார். பஸ்ஸில் போவோம். ஒருமுறை கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒதுங்கி நிற்க, எதிரே ஜீப் தம்பியின் ஜீப் வந்தது. இவர் மடக்கென்று தலையைக் குனிந்து என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டார். ஜீப் கடந்து போனது. மீதி வளைவு முழுக்கப் பையில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார்.

கடைசியில் படுக்கையை விட்டு எழ முடியாமல் போனபோது ஒருநாள், "என்ர வாட்சக் கட்டிக்கோணும் போல இருக்குது புள்ள" என்றார். கறுப்பு டயலைத்தான் சொன்னார். வேறு எதையும் அவர் ஆசைப்பட்டுக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நான் போனை எடுத்தேன். "வேண்டா" என்றார். "நேர்ல வந்து குடுப்பான். என்னைப் பாப்பான்." போன் என் கையிலேயே இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டேன். பிறகு கொஞ்சம் சமாதானமாகி, "பாத்தியா, இத்தன நாளா அவன் தலையத் திருப்பிக் குடுன்னு ஒருத்தனும் கேக்கல. ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல" என்று பெருமையாகச் சொன்னார். பூனை கண்ணை மூடிக்கொண்ட மாதிரி. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வெள்ளை டயலோடு கண்ணை மூடினார். நர்ஸ் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் மூன்று பேரும் ஏற்காட்டு வீட்டுக்கு வந்தார்கள். எழவுக்கும் வந்து சுடுகாடுவரை போனவர்கள்தான். எழவு அன்று வாட்சைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஜீப் தம்பி சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய கறுப்பு டயலை எடுத்து என் முன்னால் வைத்தான். ஓடிக்கொண்டிருந்தது.

"தெனமும் சாவி குடுத்தனுங்க அக்கா. ஒருநாளும் நிறுத்தல" என்றான்.

"உங்க அண்ணனுக்கு ஒடம்பு முடியலைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும் தம்பி?" என்று கேட்டேன். எழவுச் சேதி கேட்டுத்தான் என்று சொல்வான் என நினைத்தேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லாட்ஜ் மேனேஜர்தான் சொன்னார். "ஆரம்பத்துலயே தெரியுமுங்க. ஸ்ட்ராப்போட வாலு நீண்டுக்கிட்டே வந்துதுங்களே."

எனக்குப் புரியவில்லை. ஜீப் தம்பி தன் போனில் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். முதல் போட்டோவில் ஸ்ட்ராப்பின் நுனி வளையத்தைத் தாண்டிக் கொஞ்சமே தெரிந்தது. பிறகு நீண்டது. பிறகு கையைச் சுற்றி மறுபக்கம் போயிருந்தது. கையை மறைக்க ஸ்வெட்டர், காப்பிச் செடி, கேமரா வித்தை எல்லாம் செய்த மனுஷன், அந்தக் கிறுக்கன்கள் கையைப் பார்க்கமாட்டார்கள், ஸ்ட்ராப்பைத்தான் பார்ப்பார்கள் என்பதை மறந்துபோனார். முப்பது வருஷம் அவரும் அதைத்தானே பார்த்தார்.

"வாழவந்தில விசாரிச்சோமுங்க, அங்க அவரு இல்ல. எங்களுக்குத் தெரியும்னு காட்டிக்கிட்டா போட்டோ போடறத நிறுத்திருவாரு. காலைல போட்டோ வந்துட்டா, சரி, இருக்காருன்னு வேலையப் பாக்கப் போவோமுங்க" என்றார் வெள்ளக்கடை விவசாயி.

"அன்னிக்கு பஸ்ஸுல குனிஞ்சுக்கிட்டாருங்க. பாத்தனுங்க அக்கா" என்றான் ஜீப் தம்பி.

எனக்குள் என்னவோ வெடித்தது. "பாத்துட்டுப் போனியா? வெறும் வண்டிய உருட்டிக்கிட்டு உங்கண்ணனத் தாண்டிப் போனியா? அந்த மனுசன் பையில வாந்தி எடுத்துட்டு வந்தாருடா! கடைசியா இந்த வாட்ச ஒருக்காக் கட்டோணும்னு கேட்டாரு. நீ வந்தா உனக்குத் தெரிஞ்சு போயிரும்னு வேண்டாம்னாரு. நீங்க தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, அவருக்குத் தெரிஞ்சு போயிரும்னு வராம இருந்தீங்க. நல்லா இருக்குது உங்க மரியாதை!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

"திருப்பிக் குடுக்கோணும்னா நேர்ல வரோணுமுங்களே அக்கா. வந்தா அவரு எங்க மொகத்துல எப்படி முழிப்பாரு?" என்று சொல்லிக்கொண்டே அவன் தேம்பினான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

உள்ளே போய் அந்தத் தேன் நிற ஸ்ட்ராப்பை எடுத்து வந்தேன். ஜீப் தம்பியின் வாட்ச் அதில்தான் இருந்தது. அவனே குனிந்து பின்னை நெம்பித் தன் தலையைக் கழற்றிக்கொண்டு, கறுப்பு டயலை அதில் பூட்டினான். இரண்டு முறை பின் தெறித்தது. லாட்ஜ் மேனேஜர் தயங்கிக்கொண்டே ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். "நீங்க இத நிறுத்தாமக் கட்டிக்கோணுமுங்க. அண்ணன் ஸ்ட்ராப்பு உங்க கைக்கு நொம்பப் பெருசா இருக்கும். பொம்பளைங்க அளவுல, அதே தேன் கலருல, தேடி எடுத்தோமுங்க."

நான் அதை வாங்கவில்லை. அவருடைய ஸ்ட்ராப்பை என் இடது கையில் சுற்றி இழுத்தேன். வால் மறுபக்கம் போய் நின்றது. கடைசியாக அவருக்கு நான் போட்ட துளையில் ஊசியைக் குத்தினேன். இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. என் கைக்கு அளவெடுத்துப் போட்ட மாதிரி சரியாக இருந்தது.

புது ஸ்ட்ராப்பை அவர்களையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.