கோட்டை அணையில் காட்டிய அட்டை

கோட்டை என்றால் எனக்குத் தெரிந்தது யாழ்ப்பாணக் கோட்டை ஒன்றுதான். உள்ளே ஆமி இருந்தது. அங்கிருந்து ஷெல் வரும். காவலரண் கண்ணில் பட்டதும் சைக்கிளை விட்டிறங்கி, தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்கு ஒழுங்காகப் பாடமானது அது ஒன்றுதான்.

டென்மார்க்குக்கு வந்த இரண்டாவது கோடையில், எங்களுக்கு டேனிஷ் படிப்பித்த ரீச்சர், நாங்கள் இருந்த கிரின்ஸ்டெட்டிலிருந்து எங்கள் நாலு பேரைத் தன் வான் வண்டியில் பிரெடெரிசியாவுக்குக் கூட்டிப்போனார். கடலோரப் பழைய கோட்டை நகரம். நான் ஊர் பார்க்கப் போகவில்லை. மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிடப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை. ரீச்சரை விசாரிக்கச் சொல்ல வேண்டும். அதற்கான டேனிஷ் வசனத்தை வழி நெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

நகரைச் சுற்றிய கோட்டையின் மண் அணையெல்லாம் புல். கீழே நேர்நேரான தெருக்கள், அப்பால் கடல். பீரங்கிகளின் மேல் பிள்ளைகள் ஏறி விளையாடினார்கள். சமயத்துக்காகத் துரத்தப்பட்டவர்களை முற்காலத்தில் ஓர் அரசன் இங்கே குடியிருக்க விட்டான் என்றார் ரீச்சர்.

"பெஞ்சாதி பிள்ளையளையும் விட்டவனாமோ?" என்று எங்களில் ஒருவன் தமிழில் கேட்டான். சிரித்தோம்.

அணை வளையும் இடத்தில் பழங்காலச் சிப்பாயின் சிவப்புச் சட்டையோடு ஒருவன் நின்றான். நான் அவனுடைய துவக்கை மட்டும்தான் கண்டேன். என் தொப்பி கையில் இருந்தது. அகதி அட்டை தலைக்கு மேலே இருந்தது. அவன் குதிக்காலை அடித்து எனக்குச் சல்யூட் வைத்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"அண்ணை, கையை இறக்குங்கோ. அவன் திருவிழாவுக்கு வேசம் கட்டினவன்."

"விடடா, அண்ணையைச் செக் பண்ணி முடியட்டும்."

முகம் எரிந்தது. ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றார். அது இன்னும் மோசம். இதற்குப் பிறகு மனைவியைப் பற்றிக் கேட்டால் பிச்சை கேட்பதுபோல் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் திரும்பி வான் வண்டியடிக்கு வந்ததும் தாங்க முடியவில்லை. கேட்டேன். வசனம் பாதியில் உடைந்தது.

"உங்கள் எல்லாருக்காகவும் நான் கேட்டுவிட்டேன்," என்றார். "பொறுக்கச் சொல்கிறார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்வதில்லை."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்து சிவந்திருந்தது. தன் நாட்டுக்காக ஒருவர் வெட்கப்படுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல விரும்பினேன், டேனிஷ் போதவில்லை.

முன் சீட்டில் ஏறச் சொன்னார். பக்கத்தில் இருந்தால் அவர் என் முகத்தைப் பார்க்க வேண்டி வரும் என்று நான் பின்னால் போய் இருந்தேன்.