ரெக்லெஸ் என்று எழுதிய தாள்

இங்கே சரக்கு தூக்கும் என் ஃபோர்க்லிஃப்டில் ஒரே ஒரு இருக்கைதான். பக்கத்தில் யாரையும் ஏற்றக் கூடாது. சிங்கப்பூர் வந்து ஏழு வருடமாகிறது, இது எனக்கு இன்னும் பழகவில்லை. நீடாமங்கலம் பக்கம் டிராக்டர் கிளம்பினால் இரண்டு மட்கார்டிலும் ஆள் இருக்கும். ஏற்றாமல் போனால் திமிர் பிடித்தவன் என்பார்கள்.

போன மாதம் கிடங்கில் ரிவர்ஸ் எடுத்தபோது ஒரு பங்களாதேஷ்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். கண்ணாடியில் பார்த்தேன். கடந்துவிடுவார் என்று நிறுத்தாமல் எடுத்தேன். பெட்டி நசுங்கியது, ஆள் தப்பினார். பாதுகாப்பு அதிகாரி, வயதான சீனர், அறைக்குக் கூப்பிட்டு "யூ சீ ஹிம்?" என்றார். பார்க்காமல் ஓட்டினேன் என்றால் வேலை போய்விடும் என்று நினைத்தேன். "யெஸ் சார். வெரி கிளியர் சீ," என்றேன். அவர் என்னையே பார்த்தார். தாளில் கேர்லெஸ் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ரெக்லெஸ் என்று எழுதினார்.

நான் எட்டாவது வரை படித்தவன். இரண்டும் ஒன்றுதானே என்று என்னோடு தங்கியிருக்கும் நன்னிலத்து ரஃபீக்கிடம் கேட்டேன். "இல்லண்ணே. கவனிக்காம செஞ்சா கேர்லெஸ். ஆபத்துன்னு தெரிஞ்சும், பாத்துக்கலாம்னு செஞ்சா ரெக்லெஸ். பாத்தேன்னு நீங்களே வாயக் குடுத்திருக்கீங்க," என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வசந்தா அக்காவின் கால்தான் கண் முன்னால் வந்தது.

நான் ஊரில் டிராக்டர் ஓட்டிய கடைசி வருடம், சம்பா நடவு. டிரெய்லரில் நாற்றுக்கட்டு. வலது மட்கார்டில் வசந்தா அக்கா. எங்கள் தெருவில் நடவுக்குப் பத்துப் பேரைக் கூட்டி வருவதும், வரிசையில் முதலில் இறங்குவதும் அவர்தான். ராத்திரி பெய்த மழையில் வாய்க்கால் கரை ஊறிக் கிடந்தது. "தம்பி, நான் எறங்கி நடந்து வரேன். நீ ரோட்டச் சுத்திப் போ," என்றார். "உக்காருங்கக்கா. நான் ஓட்டாத கரையா?" என்றேன். முன்னால் கரை வெடித்திருந்தது. அதை நான் பார்த்தேன். சுற்றிப் போனால் அரை மணி நேரம் ஆகும். வயலில் நின்றவர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டினேன். கரை உள்வாங்கி வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. அக்காவின் முழங்கால் சக்கரத்துக்குக் கீழே போனது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது, "நானாத்தான் தவறி விழுந்தேன்," என்று அக்கா சொல்லிவிட்டார். எனக்கு விசா வந்திருந்தது அவருக்குத் தெரியும். ஊர்க்காரர்கள் என் அஜாக்கிரதை என்றார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் விமானம் ஏறினேன். அக்காவின் காலில் கம்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் சேற்றில் இறங்கவில்லை. ஊருக்கு இரண்டு முறை போனேன். அவர் வீட்டு வாசலில் தைலமும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு நின்றபடியே திரும்பினேன்.

ரஃபீக் சொன்ன பிறகு இரண்டு ஞாயிறு போனை எடுத்து எடுத்து வைத்தேன். மூன்றாவது ஞாயிறு கூப்பிட்டேன்.

"என்ன தம்பி அதிசயமா? வெயில் காலத்துல மழை வரப் போவுது," என்றார்.

"அக்கா, அன்னிக்குக் கரை வெடிச்சிருந்தத நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஓட்டுனேன்."

போனில் அவருக்குப் பின்னால் கோழி கத்தியது.

"தெரியும். கரையப் பாத்த, வயல்ல நின்னவங்களப் பாத்த, அப்புறம் கியரப் போட்ட. நான் உன் மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டு வந்தேன். இதச் சொல்ல ஏழு வருசமா?"

"இங்க அதுக்கு ஒரு வார்த்தை இருக்குக்கா. ரெக்லெஸ். தெரிஞ்சே செய்யறது."

"தெரிஞ்சே செய்யறதுக்கு எதுக்குடா இங்கிலீசு?"

இதுவரை அவர் என்னை டா போட்டதில்லை. பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. "மழை நாள்ல குத்துது. அங்க நல்ல பட்டி இருந்தா வாங்கியா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

முழங்கால் பட்டி வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை அவர் வீட்டில் உட்கார வேண்டும். கிடங்கில் இடது கையால்தான் ஸ்டீயரிங் பிடிக்கிறேன். வளைவில் திரும்பும்போதெல்லாம் வலது கை லீவரை விட்டு வெளியே நீள்கிறது. அங்கே மட்கார்டு இல்லை. பிடிக்க ஆளும் இல்லை. அக்கா சரிந்த அன்று நீளாத கை அது.